மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் எந்த சோலார்?

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் அழகாபுரத்தில் இருக்கும் என் அக்கா. இன்னொருவர் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் என் மச்சான். "சோலார் போடலாமா?" அவ்வளவுதான் கேள்வி. அக்காவிடம், "போடுக்கா, ஆனா கடைக்காரர் சொல்ற அளவைப் போடாதே" என்றேன். மச்சானிடம், அவர் கேட்ட சோலார் வேண்டாம், வேறு சோலார் போடுங்கள் என்றேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவு. அதற்குள் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

நான் சோலார் விற்பவன் இல்லை. பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். 2022-ல் என் மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் போட்டு, அதில் இரண்டு தப்பும் செய்தவன். வகுப்பில் பாடம் நடத்தியவனே தப்புச் செய்திருக்கிறானே என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அந்த இரண்டு தப்பும் கீழே வரும்.

வெயிலை இரண்டு வழியில் வேலை வாங்கலாம்

சோலார் என்றதும் எல்லோரும் மாடியில் சாய்த்து வைத்த நீலப் பலகையைத்தான் நினைக்கிறார்கள். சேலத்துக்காரர்கள் அப்படி நினைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆத்தூர்ச் சாலையில் போனால் ஜவ்வரிசி ஆலைகளின் களத்தில் வெள்ளை வெளேரென்று மாவும் ஜவ்வரிசியும் காய்ந்துகொண்டிருக்கும். அதுவும் சூரிய சக்திதான். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்த மாவை இந்த ஊரில் காலங்காலமாகக் காய வைத்தது வெயில்.

ஆக, வழி இரண்டு. ஒன்று, வெயிலின் சூட்டை அப்படியே பிடித்துக்கொள்வது: தண்ணீர் சுட வைப்பது, காய வைப்பது. இன்னொன்று, வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றுவது. இரண்டாவது வழியை 1839-ல் பிரான்சில் எட்மண்ட் பெக்கரல் கண்டுபிடித்தார்; வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறக்கிறது என்று அவர் காட்டினார். அது உருப்படியாக வேலைக்கு ஆக 115 வருடம் பிடித்தது. 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சிலிக்கான் தகடு ஒன்றைச் செய்தார்கள். மேலே விழுந்த வெயிலில் ஆறு சதவீதத்தைத்தான் அது மின்சாரமாக்கியது. இன்று கடையில் வாங்கும் பேனல் 20 முதல் 22 சதவீதம் வரை மாற்றுகிறது.

இந்த எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிக நல்ல பேனலும் ஐந்தில் ஒரு பங்கு வெயிலைத்தான் மின்சாரமாக்கும். தண்ணீர் ஹீட்டரோ அதே வெயிலில் பாதிக்கு மேல் சூடாகப் பிடித்துவிடும். அதனால் உங்கள் தேவை வெந்நீர்தான் என்றால், பேனல் போட்டு மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தில் கீசரை ஓட்டுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

அக்கா வீட்டுக் கணக்கு

அக்கா வீட்டில் ஐந்து பேர். இரண்டு ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், போர் மோட்டார். ஈபி கார்டை எடுத்து வரச் சொல்லி, ஒரு வருடத்து ரீடிங்கைப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டை ஒட்டி வருகிறது. கோடையில் 900 வரை போயிருக்கிறது. சோலார் பற்றி யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வெயிலை அல்ல, அந்தக் கார்டைத்தான். கடைக்காரர் காட்டும் வண்ணப் புத்தகத்தைக் கார்டுக்குப் பிறகு புரட்டினால் போதும்.

காரணம், நம் ஊரில் கரண்ட் விலை அடுக்கடுக்காக இருக்கிறது. 2025-ல் இருந்த விகிதப்படி முதல் 100 யூனிட் இலவசம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால் அடுத்த யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். ஆயிரத்தைத் தாண்டினால் பதினோரு ரூபாய்க்கு மேல். 500-க்குள் இருப்பவருக்குக் கிடைக்கும் சலுகை விலையும், தாண்டிய உடனே போய்விடும்.

சேலம் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் வருடச் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் தரும். இரண்டு கிலோவாட் என்றால் நாளுக்கு எட்டு, இரண்டு மாதத்துக்கு 480. மூன்று கிலோவாட் என்றால் 720.

அக்காவிடம் வந்த கடைக்காரர் மூன்று கிலோவாட்தான் போடணும் என்றார். காரணமும் சொன்னார்: மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் மூன்று கிலோவாட்டுக்குத்தான் உச்சம், 78,000 ரூபாய். அது உண்மைதான். 2024-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000-தான். ஆனால் மானியம் உச்சம் என்பதால் லாபமும் உச்சம் என்று ஆகாது. 2025-ல் இருந்த விகிதத்தை வைத்து நான் அக்காவுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. வாரியத்தின் சில்லறைக் கட்டணங்களை விட்டுவிட்டேன்.

700 யூனிட்டுக்கு பில் சுமார் 3,900 ரூபாய். இரண்டு கிலோவாட் போட்டால் நெட் மீட்டரில் (லைனிலிருந்து வந்த யூனிட்டில் பேனல் லைனுக்கு அனுப்பிய யூனிட்டைக் கழிக்கும் மீட்டர்) 480 கழிந்து, மீதி 220 யூனிட்டுக்குத்தான் பில். அது முந்நூறு சொச்சம். அதாவது இரண்டே கிலோவாட் 3,500 ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடித்துவிட்டது. மூன்றாவது கிலோவாட் மிச்சம் பிடிப்பது அந்த முந்நூறு சொச்சத்தைத்தான். வருடத்துக்கு இரண்டாயிரம். அந்த மூன்றாவது கிலோவாட்டுக்கு, மானியம் போக, கையிலிருந்து நாற்பதாயிரத்துக்கு மேல் போடவேண்டியிருக்கும். திரும்பி வர இருபது வருடத்துக்கு மேல். முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கையிலிருந்து போவது எண்பதாயிரம் அளவில் என்றால், அது நாலு வருடத்துக்குள் வந்துவிடும்.

ஏன் இப்படி? சோலார் முதலில் வெட்டுவது உச்சியில் இருக்கும் விலை அதிகமான யூனிட்டுகளை. கீழே போகப் போக மலிவான யூனிட்டை வெட்டுகிறது. கடைசியில் இலவச யூனிட்டையே வெட்டிக்கொண்டிருக்கும். இலவசத்தை மிச்சம் பிடித்து என்ன லாபம்?

என் முதல் தப்பு இதுதான். என் வீட்டில் நானும் மனைவியும் மட்டும். இரண்டு மாதத்துக்கு 450 யூனிட், பில் 1,500 ரூபாய்க்குள். அதற்கு ஒரு கிலோவாட்டே தாராளம். நான் மூன்று போட்டேன், மாடி காலியாகத்தானே கிடக்கிறது என்று. அப்போது மானியமும் இவ்வளவு இல்லை. என் பேனல் தயாரிக்கும் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீட்டரில் வரவாக எழுதப்பட்டு, அடுத்த பில்லுக்குப் போய், அங்கேயும் செலவாகாமல் கிடக்கிறது.

கோடையில் அக்காவின் கணக்கு இன்னும் நன்றாக இருக்கும். 900 யூனிட் ஓடினால் பில் ஆறாயிரத்தை ஒட்டி வரும். இரண்டு கிலோவாட் அதை ஆயிரத்து முந்நூறுக்கு இறக்கிவிடும். நாளைக்கே மருமகன் மின்சாரக் காரோ, மூன்றாவது ஏசியோ வாங்கினால் அப்போது இன்னும் இரண்டு பேனல் சேர்த்துக்கொள்ளலாம். பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரை மட்டும் இப்போதே மூன்று கிலோவாட்டுக்கு வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இதே கணக்கின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் இருநூற்றைம்பதுக்குள்தான் வரும். அந்த வீட்டில் சோலார் போடாமல் இருப்பதுதான் சரியான முடிவு. அம்மாபேட்டையில் வீட்டோடு விசைத்தறி வைத்திருக்கும் என் பழைய மாணவர் கேட்டபோதும் அதையே சொன்னேன். தறி இணைப்புக்கு இரண்டு மாதத்தில் 1,000 யூனிட் இலவசம். அவருக்கு அதற்கு மேல் ஓடுவதே இல்லை.

சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் விஷயம் வேறு. மெஷின் பகலில் ஓடுகிறது, பேனலும் பகலில்தான் தருகிறது. உண்டாகும் இடத்திலேயே செலவாகும் கரண்ட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். ஆனால் சூர்ய கர் மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்தான், பட்டறைக்குக் கிடையாது. தொழில் இணைப்புக்கு நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்றும் உண்டு. அதை ஈபி ஆபீஸில் முதலில் கேட்டுக்கொண்டு பிறகு கணக்குப் போட வேண்டும்.

கரண்ட் போனால் சோலார் ஓடுமா?

ஓடாது. இதுதான் என் இரண்டாவது தப்பு. ஆன்-கிரிட், அதாவது பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் சோலார், போட்ட முதல் மாதமே எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின் நிறுத்தம் வந்தது. காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாடியில் வெயில் கொளுத்துகிறது, பேனல் பளபளவென்று நிற்கிறது, கீழே ஃபேன் நின்றுவிட்டது. போட்டுக்கொடுத்தவரைக் கூப்பிட்டேன். "சார், அது அப்படித்தான்" என்றார். அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

அப்படி நிற்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. தெருவில் கரண்ட் இல்லாதபோது என் மாடியிலிருந்து கரண்ட் கம்பிக்குப் போனால், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. அதனால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் தானாக நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். இயற்பியல் வாத்தியாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

பேட்டரி வைத்த ஹைப்ரிட் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. லைனில் கரண்ட் போனதும் அது தெருவிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு வீட்டுக்கு மட்டும் கொடுக்கும். ஆனால் லித்தியம் பேட்டரியோடு சேர்த்தால் விலை ஆன்-கிரிட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாதத்தில் ஒரு நாள் பகல் நிறுத்தத்துக்காக அவ்வளவு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர், மருந்து ஃபிரிட்ஜ் வைத்திருக்கும் கிளினிக், கம்ப்யூட்டரில் சம்பாதிப்பவர் என்றால் போடட்டும். அக்கா வீட்டில் ஏற்கெனவே ஹாலில் இன்வெர்ட்டரும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும் இருக்கிறது. நாலு ஃபேனும் லைட்டும் அதில் ஓடும். அது அப்படியே இருக்கட்டும், மாடியில் ஆன்-கிரிட் தனியாக இருக்கட்டும் என்றேன். சேலத்தில் பெரும்பாலான வீட்டுக்கு இதுதான் சரியான ஜோடி.

பேட்டரி பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஈயப் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஏப்ரல் மாதம் மாடிப்படி அறையில், தகரக் கூரைக்குக் கீழே பேட்டரியை வைக்காதீர்கள்.

சேலம் வெயில் நல்ல வெயிலா?

நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் என்பதால் இங்கே சோலார் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று நினைக்கிறோம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கு, தகடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. ஏப்ரல் நண்பகலில் தகடு 65 டிகிரிக்குப் போகும். ஒரு டிகிரி ஏறினால் 0.35 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொண்டாலும் 40 டிகிரிக்கு 14 சதவீதம் போச்சு. என் நோட்டில் நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். நல்ல நாட்கள் பிப்ரவரியிலும் மார்ச்சிலும்தான் வருகின்றன. வானம் தெளிவு, காற்று அவ்வளவு சூடில்லை. மோசமான நாட்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில்.

இன்னொன்று, சாய்வு. சேலம் வடக்கே பதினொன்றரை டிகிரிக்கும் கொஞ்சம் மேலே இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்டு மூன்றாம், நாலாம் வாரத்தை ஒட்டி ஒரு நாளும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நடுவில் உள்ள மாதங்களில் அது வடக்குப் பக்கம் இருக்கும். அதனால் தெற்கே பத்து முதல் பதினைந்து டிகிரி சாய்த்தால் போதும். மழை அழுக்கைக் கழுவிக்கொண்டு ஓடவும் அந்தச் சாய்வு உதவும்.

நிழலை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேனல்கள் மணிமாலை போல ஒன்றோடொன்று கோத்திருக்கும். ஒன்றின் மேல் தென்னை ஓலை நிழல் விழுந்தாலும் மற்றதும் சேர்ந்து சுணங்கும். பக்கத்து மனையில் தெற்கே இரண்டாவது மாடி எழும்புமா என்று யோசித்துவிட்டுப் போடுங்கள். நம் ஊரில் அது கேட்கத் தகுந்த கேள்விதான்.

தூசியும் அப்படி. மேக்னசைட் லாரி போகும் கருப்பூர்ப் பக்கம் பேனல் வாரத்துக்கே வெள்ளை பூத்துவிடும். போர் தண்ணீரை வெயிலில் அடித்துக் கழுவினால் உப்புக் கறை படிந்து, தூசியைவிட மோசமாகும். விடிகாலையில், காவேரித் தண்ணீர் வரும் நாளில், ஒரு பக்கெட்டும் துணியும் போதும்.

தாங்கியின் உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. பேனலை மாடித் தரையை ஒட்டிப் போட்டால் மலிவு, ஆனால் மாடி போய்விடும். எட்டடி உயரத் தாங்கியில் போட்டால் கீழே நிழல் கிடைக்கும், துணி காயும். செலவு கொஞ்சம் கூடும். அக்கா கேட்ட ஒரே தொழில்நுட்பக் கேள்வி, "அப்ப வத்தல் எங்கடா காயப்போடுறது?" வடக்கு மூலையை விட்டுவிட்டு வரைந்து கொடுத்திருக்கிறேன். உயர்த்திப் போடுபவர்கள் சித்திரை மாதத்து சூறைக்காற்றை நினைத்து நட்டு போல்ட்டில் கஞ்சம் பண்ணாதீர்கள்.

அக்காவுக்கு வந்த தடங்கல் வெயிலாலும் இல்லை, பணத்தாலும் இல்லை. ஈபி கார்டு இன்னும் காலமான மாமனார் பெயரில் இருக்கிறது. விண்ணப்பிப்பவர் பெயரில் இணைப்பு இருந்தால்தான் மானியம் பிசகாமல் வந்து சேரும். பெயர் மாற்றம் முதல் வேலை. மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும், முழுப் பணத்தையும் முதலில் கட்டவேண்டும் என்பதையும், மானியத்துக்குத் தகடும் இந்தியாவில் செய்த பேனல்தான் செல்லும் என்பதையும் விலைப்பட்டியலில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

மலைக்கு மேலே

மச்சான் வீட்டு ஈபி கார்டைப் பார்த்த உடனே ஆன்-கிரிட் என்ற பேச்சு முடிந்துவிட்டது. ஏசி இல்லை, ஃபேன்கூடச் சும்மா தொங்குகிறது. இரண்டு மாதத்துக்கு 160, 180 யூனிட். மிச்சம் பிடிக்க அங்கே பில்லே இல்லை.

பேனலைப் பொறுத்தவரை ஏற்காட்டில் ஒரு நன்மை உண்டு: 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் தகடு சூடேறாது. வானம் தெளிந்த நாளில் அதே பேனல் சேலத்தைவிட நன்றாகவே தரும். ஆனால் பனிமூட்டம் பாதி நாளைத் தின்றுவிடுகிறது. காலை பத்து மணி வரை எதிர்வீடு தெரியாத நாட்கள் மழைக்காலத்தில் சாதாரணம். போதாக்குறைக்கு வீட்டைச் சுற்றி மிளகு ஏறிய சில்வர் ஓக் மரங்கள். காப்பிக்கு நிழல் வேண்டும், பேனலுக்கு நிழல் கூடாது. இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில் குடித்தனம் நடத்துவது கஷ்டம்.

சரி, மச்சானுக்கு உண்மையில் என்ன குறை? கேட்டபோது மூன்று சொன்னார். காற்று மழையில் கிளை முறிந்து கம்பி அறுந்தால் சில சமயம் இரண்டு நாள் கரண்ட் வராது. மார்கழியில் குளிக்க வெந்நீர். அறுவடையில் பனி விழுந்து காப்பி பூஞ்சை பிடிப்பது. பில் என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை.

முதல் குறைக்குப் பேட்டரிதான் மருந்து. ஆறு எல்.ஈ.டி. பல்பு ஐந்து மணி நேரம், டிவி நாலு மணி நேரம், வைஃபை பெட்டி நாள் முழுக்க, இரண்டு போன் என்று கூட்டினால் 800 வாட் மணியை ஒட்டி வருகிறது. அவரிடம் இருக்கும் 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரியில் மொத்தம் 1,800 வாட் மணி உண்டு; ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது என்பதால் 900 என்று கொள்ளலாம். ஒரு இரவுக்குக் கணக்கு சரியாக இருக்கிறது. அந்தப் பழைய இன்வெர்ட்டரோடு 400 வாட்டில் ஒரே ஒரு பேனலும், நடுவில், பேட்டரிக்கு ஏறும் கரண்ட்டைக் கட்டுப்படுத்த, ஒரு சார்ஜ் கன்ட்ரோலரும் சேர்த்தால் போதும். வெயில் வந்தால் பேனல் சார்ஜ் ஏற்றும், மூட்டமான நாளில் ஈபி ஏற்றும், இரண்டும் இல்லாத நாளில் டிவியை நிறுத்திவிட்டு இரண்டு பல்போடு இருந்துகொள்ளலாம். முழு வீட்டையும் ஆஃப்-கிரிட்டில், ஈபி லைனே இல்லாமல், ஓட்டலாம் என்று ஒருவர் அவருக்கு மூன்று லட்சத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். இந்த ஒரு பேனல் வேலை இருபத்தைந்தாயிரத்துக்குள் முடியும். மலைக் குளிரில் பேட்டரியும் கீழே இருப்பதைவிடக் கூடுதல் காலம் வரும். இடி அதிகம் விழும் இடம் என்பதால் எர்த் மட்டும் ஒழுங்காக வேண்டும். பாறையில் குழி தோண்டுவது தனிச் செலவு, அதை ஒதுக்கி வையுங்கள் என்றேன்.

வெந்நீருக்கு வருவோம். இங்கேதான் மலைக்கும் சமவெளிக்கும் பெரிய வித்தியாசம். நூறு லிட்டர் தண்ணீரை முப்பது டிகிரி ஏற்ற மூன்றரை யூனிட் கரண்ட் வேண்டும். ஏற்காட்டில் பதினைந்து டிகிரித் தண்ணீரை நாற்பத்தைந்துக்குக் கொண்டுபோக அதுதான் கணக்கு. சேலத்தில் பைப் தண்ணீரே இருபத்தெட்டில் இருக்கும். அதே சூட்டுக்குக் கொண்டுபோக அதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம் இருந்தால் போதும். மே மாதம் மாடியில் இருக்கும் கறுப்பு டேங்கே இலவச ஹீட்டர், மத்தியானம் கை வைக்க முடியாது. அக்காவுக்கு வாட்டர் ஹீட்டர் வேண்டாம் என்றதும், மச்சானுக்கு முதலில் அதை வாங்குங்கள் என்றதும் இதனால்தான்.

கடையில் இரண்டு வகை இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் செம்புக் குழாய் ஓடும் தட்டை வகை. கண்ணாடிக் குழல்களை வரிசையாக அடுக்கிய வகை. குழல் வகையில் இரண்டு சுவருக்கு நடுவே வெற்றிடம், நம் பிளாஸ்க் மாதிரி. உள்ளே பிடித்த சூடு குளிர்காற்றுக்குத் தப்பி ஓடாது. மலைக்கு அதுதான் ஏற்றது, விலையும் குறைவு. அதன் எதிரி குரங்கு. ஏற்காட்டில் குரங்குக்குப் பஞ்சமில்லை, ஒரு குழல் உடைந்தாலும் தண்ணீர் முழுக்க வடிந்துவிடும். மேலே ஒரு கம்பி வலை போட்டுக்கொள்ள வேண்டும். நிழல் கொஞ்சம் விழும், பரவாயில்லை. தட்டை வகை முரட்டுத்தனமானது. ஆனால் உப்புத் தண்ணீர் ஊரில் அதன் மெல்லிய செம்புக் குழாய் அடைத்துக்கொள்ளும். 150 லிட்டர் குழல் ஹீட்டர் இருபத்தைந்தாயிரம் அளவில் கிடைக்கும்.

மச்சான் நியாயமான ஒரு எதிர்க்கேள்வி கேட்டார். "கவாத்து பண்ணின விறகு கொட்டிக் கிடக்கு, அதுக்குக் காசா பணமா? எதுக்கு இது?" எனக்கு உடனே பதில் வரவில்லை. விலைக் கணக்கில் விறகு பாய்லரை எந்த சோலாரும் ஜெயிக்க முடியாது. பதில் சொன்னது உள்ளேயிருந்து என் மனைவியின் அண்ணி. "மழைக்காலத்துல அந்த ஈர விறகை ஊதிப் பாருங்க, அப்பத் தெரியும்." ஹீட்டர் வாங்குவது அந்த இடத்தில் முடிவானது. மூட்டமான நாளுக்குப் பாய்லரும் இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டோம். டேங்கில் இருந்து குளியலறைக்கு வரும் பைப்பைக் குட்டையாக வைத்து, மேலே சூடு தாங்கும் உறை போடச் சொன்னேன். நீளமான வெறும் பைப்பில் நின்ற தண்ணீர் ஆறிவிடும். தினமும் ஒரு பக்கெட் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகுதான் வெந்நீர் வரும்.

மூன்றாவது குறை, காப்பி. இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம், பணம் வரும் இடமும் இதுதான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பியை ஊன்றிய காலத்திலிருந்து, களத்தில் பரப்பி வெயிலில் காய வைப்பதுதான் வழக்கம். பழத்தோடு காய வைத்தால் நல்ல வெயிலிலேயே இரண்டு வாரம் ஆகும். பகலில் கிளறிவிட வேண்டும், சாயங்காலம் குவித்து மூட வேண்டும். நடுவில் ஒரு மழை, இரண்டு நாள் பனி என்றால் வாடை வந்துவிடும், வாங்குபவர் விலையைக் குறைத்துவிடுவார்.

பாலிகார்பனேட் தகடோ, வெயில் தாங்கும் கனமான பிளாஸ்டிக் தாளோ போட்டு அமைக்கும் கூடார உலர்த்தியில் உள்ளே சூடு வெளியைவிடப் பத்து, பதினைந்து டிகிரி கூடுதலாக நிற்கும். மழை படாது, மாடு மிதிக்காது. ஆனால் மூடி வைத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. ஈரக்காற்று வெளியே போகவில்லை என்றால் அது உலர்த்தி இல்லை, இட்லிப் பானை. மேலே காற்றுப் போக்கியும், சின்ன பேனலில் ஓடும் இரண்டு விசிறியும் வேண்டும். தோல் நீக்கிய காப்பியைக் கடும் சூட்டில் அவசரமாகக் காய வைத்தாலும் ஓடு வெடித்துவிடும், ஈரத்தை மெதுவாகத்தான் இறக்க வேண்டும். காப்பி முடிந்ததும் மிளகு அதே உலர்த்தியில் காயும் என்பதால் வருடத்தில் நாலைந்து மாதம் வேலை இருக்கும். இரண்டு ஏக்கருக்குத் தனியாகப் போட்டால் செலவு கட்டாது. பக்கத்தில் உள்ள இரண்டு பேரோடு சேர்ந்து போட்டால் கட்டும்.

சோலார் பம்பு பற்றியும் மச்சான் கேட்டார். கீழே வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் கிணறு வைத்திருப்பவர்கள் இலவச விவசாய மின்சாரம் இருக்கும்போது அதை ஏன் நினைக்க வேண்டும் என்பது என் கருத்து. இணைப்புக்கு வரிசையில் காத்திருப்பவருக்கு மட்டும் அது அர்த்தமுள்ளது. 2025-ல் வேளாண் பொறியியல் துறையில் 60 சதவீத மானியம் இருந்தது. மச்சானுக்கு ஊற்றுத் தண்ணீர் பள்ளத்துக்குத் தானாக இறங்குகிறது. பம்பே வேண்டாம்.

இப்போதைக்கு நிலவரம் இது. அக்கா பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். மச்சான் வீட்டில் ஹீட்டர் வந்துவிட்டது, வலை இன்னும் வரவில்லை, அதனால் குழல்களை மாட்டாமல் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். உலர்த்திக்கு மூன்று வீட்டாரும் சம்மதம். மரநிழல் படாத சமதரை என்று பார்த்தால் அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, பையன்கள் வாலிபால் ஆடும் இடம். போன ஞாயிற்றுக்கிழமை பேசப் போனவர்களைப் பையன்கள் ஆட்டத்தை நிறுத்தாமலே அனுப்பிவிட்டார்களாம்.